கூண்டுக் கதவுக்கு முன் ஒரு செயலி: விலங்குக் காப்பகத் தன்னார்வலர்களுக்கான கைபேசிப் பயிற்சி பற்றிய மதிப்புரை

பெங்களூரில் உள்ள விலங்குக் காப்பகங்களுக்குச் சனி, ஞாயிறுகளில் வரும் தன்னார்வலர்களுக்குக் குறைவில்லை. மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரியும் இளைஞர்கள், கல்லூரி மாணவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள் எனப் பலரும் உண்மையான அன்போடு வருகிறார்கள். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத்தான் நேரம் கிடைப்பதில்லை. கூண்டைக் கழுவி, உணவு வைத்து, மருந்து கொடுத்து, வண்டியில் அடிபட்டு வந்த நாயைத் தூக்கி மேசையில் கிடத்தும் அதே காப்பாளர்தான், புதிதாக வந்தவருக்குக் கதவை எப்படித் திறக்க வேண்டும் என்பதையும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. அப்படிக் கற்றுக்கொண்டவர் அடுத்த வாரம் திரும்பி வருவார் என்பதற்கும் உறுதியில்லை. இந்தச் சுமையைக் குறைப்பதற்காக உருவாக்கப்பட்ட கைபேசிப் பயிற்சிச் செயலி ஒன்றை, நகரின் ஓரத்தில் இருக்கும் எங்கள் காப்பகத்தில் ஒரு மழைக்காலம் முழுவதும் பயன்படுத்திப் பார்த்தோம். தன்னார்வலர்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பு என்னுடையது என்பதால், அதன் ஒவ்வொரு பாடத்தையும் நானும் முடித்தேன். மற்றவர்கள் முடிப்பதையும் பக்கத்தில் நின்று பார்த்தேன். செயலி இன்னும் ஒருசில காப்பகங்களில் மட்டும் சோதனை நிலையில் இருப்பதால் அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாய்களைப் பராமரிக்கும் காப்பகங்கள் இதைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். பூனைகளும் இருக்கும் காப்பகங்கள் கூடுதல் கவனத்தோடு பயன்படுத்த வேண்டும். இந்தச் செயலியை வடிவமைத்தவர்கள் எடுத்த முடிவுகளிலேயே மிகச் சிறந்தது, ஒருவர் தேர்ச்சி பெற்றுவிட்டார் என்று சொல்லும் உரிமையைச் செயலிக்குக் கொடுக்காமல் காப்பாளரிடம் விட்டிருப்பதுதான்.

அது நடைமுறையில் இப்படி இயங்குகிறது. தன்னார்வலர் வீட்டிலிருந்தே சிறுசிறு பாடங்களைப் பார்த்து, கேள்விகளுக்கு விடையளித்து முடிக்கிறார். எல்லா விடைகளும் சரியாக இருந்தாலும் திரையில் தோன்றுவது 'பாடம் முடிந்தது' என்ற வாசகம் மட்டுமே. அதற்குக் கீழே 'செய்து காட்ட வேண்டியவை' என்ற சிறிய பட்டியல் திறக்கிறது: இரட்டைக் கதவுகளில் ஒன்றைத் தாழிட்ட பிறகே அடுத்ததைத் திறப்பது, நாய்க்கு நேர் எதிரே நின்று குனியாமல் பக்கவாட்டில் நின்று பெல்ட் மாட்டுவது, லீஷை, அதாவது நாயை நடத்திச் செல்லும் வாரை, கையில் சுற்றிக்கொள்ளாமல் பிடிப்பது, கூண்டைவிட்டு வெளியேறும்போது நாய்க்கு முதுகைக் காட்டாமல் வருவது போன்றவை. காப்பாளர் இவற்றை நேரில் பார்த்து, தன்னுடைய இரகசிய எண்ணைத் தன்னார்வலரின் கைபேசியில் பதிவு செய்தால்தான் அடுத்த நிலை திறக்கும். எங்கள் கூண்டுகளில் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகள் தொங்குகின்றன. பச்சைக் கூண்டுகளுக்குள் அடிப்படைப் பாடங்களை முடித்தவர் காப்பாளரோடு போகலாம். மஞ்சள் கூண்டுகளுக்குக் காப்பாளரின் ஒப்புதல் பதிவாகியிருக்க வேண்டும். சிவப்புக் கூண்டுகள் காப்பாளருக்கும் மருத்துவருக்கும் மட்டுமே உரியவை. செயலியின் நிலைகள் இந்த அட்டைகளோடு அப்படியே பொருந்துகின்றன.

இந்த ஏற்பாட்டின் பயன் பாதுகாப்போடு முடிந்துவிடவில்லை. எங்கள் காப்பாளர்களில் பெரும்பாலோர் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள். ஆனால் ஒரு நாய் உணவைத் தொடாமல் விடுவது சோம்பலாலா, காய்ச்சலாலா என்பதைக் கூண்டுக்கு வெளியில் நின்றே சொல்லிவிடக் கூடியவர்கள். ஆங்கிலம் பேசும் தன்னார்வலர்கள் அவர்களை வாளி எடுத்துத் தருபவர்களாக மட்டுமே பார்க்கும் வழக்கம் இருந்தது. இப்போது ஒரு நிறுவனத்தின் மேலாளர் லீஷைப் பிடித்தபடி நிற்க, மூத்த காப்பாளர், "கை இறுக்கமா இருக்கு சார், நாய்க்கு அது தெரியும், இன்னொரு தடவ போய்ட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புகிறார். மேலாளரும் மறுபேச்சின்றிப் போகிறார். காப்பகத்தில் யாருடைய அறிவு பெரிது என்பதைச் செயலி எந்த உபதேசமும் செய்யாமல் நிலைநாட்டிவிட்டது.

அப்படியிருக்க, காப்பாளர் ஒப்புதல் அளிக்கும் அந்தத் திரை மட்டும் ஆங்கிலத்தில் இருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தன்னார்வலருக்கான பாடங்கள் கன்னடம், தமிழ், இந்தி, ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் இருக்கின்றன. தமிழ்ப் பாடங்களின் குரலும் தெளிவாக, நம் காதுக்குப் பழக்கமான பேச்சில் ஒலிக்கிறது. ஆனால் மதிப்பிடும் பொறுப்பில் இருப்பவருக்கு எழுத்து மட்டும், அதுவும் அவர் படிக்காத மொழியில். இதன் விளைவு எளிதில் ஊகிக்கக்கூடியது: தன்னார்வலரே ஒவ்வொரு வரியையும் படித்துச் சொல்லி, காப்பாளர் தலையசைத்ததும் தானே குறியிட்டு, எண்ணை மட்டும் அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறார். மதிப்பிடப்பட வேண்டியவரே மதிப்பெண் தாளை நிரப்பும் நிலை இது. படங்களும் குரலும் கொண்ட திரையாக இதை மாற்றுவது கடினமான வேலை அல்ல. கூடவே, காப்பாளர் ஒரு நாயைப் பற்றித் தன் குரலிலேயே சில நொடிகள் பதிவு செய்துவைக்கவும் வழி வேண்டும். 'இந்த நாய்க்கு வலது இடுப்பில் பழைய முறிவு இருக்கிறது, அந்தப் பக்கம் தொட்டால் திரும்பும்' என்ற தகவல் இன்றைக்கு அவர் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவர் விடுப்பில் ஊருக்குப் போனால் அதுவும் அவரோடு போய்விடுகிறது.

பாடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது நாயின் உடல்மொழியைக் கற்பிக்கும் பகுதி. கேள்வியைப் படித்து நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறையை இங்கே கைவிட்டிருக்கிறார்கள். அரை நிமிடக் காணொளி ஒன்று ஓடும். நாயிடம் சங்கடத்தின் முதல் அறிகுறி எப்போது தென்படுகிறதோ அந்தக் கணத்தில் திரையைத் தொட வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் நாய் உறுமும்போதுதான் தொடுகிறார்கள். பிறகு செயலி காணொளியைப் பின்னோக்கி ஓட்டி, உறுமலுக்குப் பல நொடிகள் முன்பே நாய் உதட்டை நக்கியதையும், தூக்கமில்லாமலே கொட்டாவி விட்டதையும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரப்பார்வை பார்த்ததையும், அதன்பின் உடல் முழுவதும் ஒரு கணம் உறைந்ததையும் வரிசையாகக் காட்டுகிறது. இவற்றில் அந்த உறைதல்தான் மிக முக்கியமானது. அசைவே இல்லாததால் அதைப் பார்க்கப் பழகாத கண் தவறவிட்டுவிடும். வாலாட்டுவது எப்போதும் நட்பைக் குறிப்பதில்லை, உயர்த்திய வால் விறைப்பாகவும் குறுகலாகவும் ஆடினால் அது பதற்றத்தின் அடையாளம் என்பதையும் இதே முறையில் கற்பிக்கிறார்கள். ஒரு மாதம் கழித்து அதே காணொளிகளை வேறு வரிசையில் மீண்டும் தருவதும் நல்ல ஏற்பாடு. ஒருமுறை கற்றதை இடைவெளிவிட்டு நினைவுகூரச் செய்தால்தான் அது நிலைக்கும் என்பது 1885-இல் ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் மறதியைப் பற்றிச் செய்த ஆய்விலிருந்து இன்றுவரை மீண்டும் மீண்டும் உறுதிப்பட்டிருக்கிறது.

ஆனால் காணொளிகளில் வரும் நாய்கள் லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, பீகிள் போன்ற வெளிநாட்டு இனங்கள். எங்கள் காப்பகத்தில் இருப்பவையோ பெரும்பாலும் தெருவிலிருந்து வந்த நாட்டு நாய்கள். நாட்டு நாய்கள் பலவற்றுக்கு வால் இயல்பாகவே முதுகின் மேல் வளைந்து நிற்கும். காதுகள் எப்போதும் நிமிர்ந்திருக்கும். லாப்ரடாரை வைத்து உயர்ந்த வாலும் நிமிர்ந்த காதும் எச்சரிக்கை என்று படித்துக்கொண்டு வந்தவர், அமைதியாக வெயில் காயும் நாட்டு நாயைக் கண்டு விலகிப்போகிறார். அதே நாய் வாலைச் சற்றே தாழ்த்தி, இயல்பு குலைந்து நிற்கும்போது ஆபத்தில்லை என்று எண்ணி நெருங்குகிறார். ஒவ்வொரு நாயின் இயல்பு நிலை எது என்று தெரிந்தால்தான் அது மாறுவதைக் கவனிக்க முடியும். பெங்களூரு மாநகராட்சியின் கணக்கெடுப்பின்படி நகரத் தெருநாய்களின் எண்ணிக்கை 2019-இல் ஏறத்தாழ 3.10 லட்சம், 2023-இல் ஏறத்தாழ 2.79 லட்சம். இத்தனை நாய்கள் உள்ள ஊரில் நாட்டு நாய்களைப் படம்பிடிக்க இடமில்லாமல் போயிருக்காது. அடுத்த பதிப்பில் மாற்ற வேண்டியவற்றில் இதைத்தான் முதலாவதாக வைப்பேன்.

கடிபட்டால் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதி இந்தச் செயலியின் இன்னொரு வலிமை. எந்தத் திரையில் இருந்தாலும் மூலையில் ஒரு சிவப்புப் பொத்தான் நிற்கிறது. அதைத் தொட்டதும் பாடம் எதுவும் வருவதில்லை. 'குழாயடிக்குப் போங்கள்' என்ற குரலும், 15 நிமிடங்களுக்கான கடிகாரமும் உடனே தொடங்குகின்றன. ரேபிஸ் வைரஸ் காயத்திலிருந்து நரம்புக்குள் புகுவதற்கு முன், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுவதைத்தான் உலக சுகாதார நிறுவனம் முதல் சிகிச்சையாக வலியுறுத்துகிறது. பதறிப்போன மனிதர் இரண்டு நிமிடம் கழுவிவிட்டுப் பதினைந்து நிமிடம் ஆகிவிட்டதாக நினைப்பார் என்பதை அறிந்தவர்கள்தான் இந்தக் கடிகாரத்தை வைத்திருக்க வேண்டும். கழுவும் நேரத்திலேயே குரல் அடுத்தடுத்த செய்திகளைச் சொல்கிறது: காயத்தில் மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்கக் கூடாது, இறுகக் கட்டுப்போடக் கூடாது, இரத்தம் வராத சிறு கீறலுக்கும் தடுப்பூசி வேண்டும், தோலைத் துளைத்த கடிக்கும், புண்ணிலோ கண், வாய் போன்ற ஈரச் சவ்விலோ எச்சில் பட்டதற்கும் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்பொருள் மருந்தும் தேவை.

கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்கும் விதியைச் செயலி விளக்கியிருக்கும் முறையும் பாராட்டுக்குரியது. பத்து நாள் நாய் நலமாக இருந்தால் கடித்த வேளையில் அதன் எச்சிலில் ரேபிஸ் வைரஸ் இல்லை என்று முடிவு செய்யலாம் என்பது உண்மை. ஆனால் அந்தப் பத்து நாளும் ஊசி போடாமல் காத்திருக்கலாம் என்று பலர் அதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். நோயின் அறிகுறிகள் தோன்றிய பிறகு ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை என்பதால், சிகிச்சையை அன்றே தொடங்கிவிட்டுத்தான் நாயைக் கவனிக்க வேண்டும் என்பதைச் செயலி ஒரே திரையில் தெளிவுபடுத்துகிறது. தோலுக்குள் போடும் முறையில் கடிபட்ட நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்கள் என்று தடுப்பூசி நாட்களை அதுவே நாட்காட்டியில் குறித்து நினைவூட்டுகிறது.

கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பூசியைப் பற்றிச் செயலி இன்னும் அழுத்தமாகப் பேசியிருக்க வேண்டும். காப்பகத்துக்குத் தொடர்ந்து வருபவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டிருந்தால், பின்னொரு நாள் கடிபட்டாலும் இம்யூனோகுளோபுலின் தேவைப்படுவதில்லை. கடிபட்ட நாளிலும் அதிலிருந்து 3-ஆம் நாளிலுமாக இரண்டு ஊசிகள் போதும். இம்யூனோகுளோபுலின் எல்லா மருத்துவமனைகளிலும் எப்போதும் கையிருப்பில் இருப்பதில்லை என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை புரியும். செயலியில் இது 'விரும்பினால்' என்ற வகையில் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. மஞ்சள் நிலைக்குப் போவதற்கு முன் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சுத்தம் செய்யும் பாடத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். ஏனென்றால் காப்பகத்தில் அதிக உயிர்களைக் காப்பதும் பறிப்பதும் இந்த வேலைதான். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் உடலுக்கு வெளியே மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கக் கூடியது. வழக்கமான பல கிருமிநாசினிகள் அதை ஒன்றும் செய்வதில்லை. கூண்டு கழுவும் வரிசையைச் செயலி நன்றாகக் கற்பிக்கிறது: முதலில் நலமாக உள்ள குட்டிகள், பிறகு பெரிய நாய்கள், அதன்பின் நோயுற்றவை, கடைசியாகத் தனிமைப்படுத்தும் அறை, திரும்பி வந்து குட்டிகளைத் தொடுவது கூடவே கூடாது. மலத்தையும் மண்ணையும் முதலில் அகற்றி, சோப்பு நீரால் தேய்த்துக் கழுவிய பிறகே பிளீச் ஊற்ற வேண்டும், அழுக்கின் மேல் ஊற்றிய பிளீச் வலுவிழந்துவிடும், ஊற்றியதும் கழுவிவிடாமல் பத்து நிமிடம் தரை ஈரமாக இருக்க விட வேண்டும் என்ற காரண காரியங்களும் உள்ளன. பிளீச்சோடு கழிவறை கழுவும் அமிலத்தைக் கலந்தால் நச்சு வாயு கிளம்பும் என்ற எச்சரிக்கையைப் படத்தோடு கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் அளவு சொல்லும் இடத்தில் செயலி நம் காப்பகங்களை மறந்துவிட்டது. 'ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர்' என்கிறது. அது ஏறத்தாழ 5 சதவீதச் செறிவுள்ள புட்டித் திரவத்துக்கான கணக்கு. இங்கே நாம் வாங்குவது மூட்டையில் வரும் பிளீச்சிங் பவுடர். மூட்டையில் குளோரின் 30 சதவீதம் என்று அச்சிட்டிருந்தால், அதே வலுவுக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், அதாவது 10 லிட்டர் வாளிக்கு 50 கிராம் தேவை. வாயைத் திறந்து ஈரமான மூலையில் வைத்த மூட்டை நாளாக ஆக வலுவிழக்கும் என்பதால், இறுக மூடும் டப்பாவில் சேமிப்பதையும் அன்றன்றைக்குக் கரைப்பதையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். செயலி சொல்லும் அளவைப் பவுடருக்கு அப்படியே பொருத்தினால், கரைசல் தேவையானதைவிடப் பல மடங்கு கடுமையாகி நாயின் பாதமும் கழுவுபவரின் மூச்சும் பாதிக்கப்படும். பயந்துபோய்க் கைப்பிடியளவு மட்டும் போட்டால் எவ்வளவு விழுந்தது என்றே தெரியாது. நாங்கள் ஐம்பது கிராம் கொள்ளும் ஒரு கிண்ணத்தைக் கோடு போட்டு வைத்துக்கொண்டு இந்தக் குறையைச் சமாளித்தோம்.

குட்டிகளைப் பற்றி ஒரு சிக்கலான கேள்வி உண்டு. மூன்று வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்கு வாரம் வரையிலான காலத்தில் மனிதரோடு இதமாகப் பழகிய குட்டிதான் பின்னாளில் அச்சமின்றி வளரும். அதே வாரங்களில்தான் பார்வோவும் அதிகமாகத் தாக்கும். எல்லோரும் தூக்கிக் கொஞ்சினால் நோய் பரவும். யாருமே தொடாவிட்டால் தத்தெடுக்க ஆள் வரும் நாளில் குட்டி மூலையில் ஒடுங்கும். செயலி 'குட்டிகளைத் தொடாதீர்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. ஒரு குழுக் குட்டிகளுக்கு அந்த வாரம் முழுவதும் இன்ன இருவர் மட்டும், தனி உடுப்போடும் தனிச் செருப்போடும், வேறு எந்தக் கூண்டுக்கும் போவதற்கு முன்பாக, என்று வகுத்துத் தந்திருக்கலாம்.

பூனைகளுக்கான பகுதி இன்னும் எழுதப்படவில்லை. நாய்க் கூண்டுக்குச் சொன்னதைப் பூனை அறையிலும் செய்யலாம் என்று புதியவர் நினைத்துக்கொள்வதற்கு இது இடம் தருகிறது. ஃபீனால் சேர்ந்த கறுப்பு பினாயில் பூனைக்கு நஞ்சு. அந்தப் பொருளைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு. பாதத்தில் ஒட்டியதை அது நக்கியே சுத்தம் செய்துகொள்ளும் என்பதால் ஆபத்து இரட்டிப்பாகிறது. நமக்குக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் மாத்திரையும் பூனையைக் கொன்றுவிடும். முழுப் பகுதியை எழுத நாளாகும் என்றால், இந்த இரண்டு எச்சரிக்கைகளையாவது முகப்பில் உடனே சேர்க்க வேண்டும்.

புள்ளிகளும் தரவரிசையும் கொண்ட பக்கத்தை நாங்கள் அணைத்துவைத்துவிட்டோம். எத்தனை கூண்டு கழுவினார், எத்தனை நாய்களை நடத்தினார் என்று எண்ணிப் புள்ளி கொடுக்கும்போது, பத்து நிமிடம் ஊற வேண்டிய தரை மூன்று நிமிடத்தில் கழுவப்படுகிறது. பயந்த நாயின் கூண்டுக்கு வெளியே அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்து, மெல்லிய குரலில் எதையாவது வாசித்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு புள்ளியும் இல்லை. அன்றைய தினம் காப்பகத்தில் நடந்த மிகப் பெரிய வேலை ஒருவேளை அதுவாகவே இருந்திருக்கும். இந்தப் பக்கத்தை அணைக்கும் வசதியைக் கொடுத்ததற்கு நன்றி. இனி அது தொடக்கத்திலேயே அணைந்திருக்கட்டும்.

பயன்படுத்தும் வசதியைப் பொறுத்தவரை குறை அதிகமில்லை. வீட்டு வைஃபையில் பாடங்களை இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடுகிறது; பழைய ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் திணறவில்லை. கூண்டு அட்டையில் உள்ள கியூஆர் குறியீட்டைப் படம்பிடித்தால் அந்த நாயின் விவரம் வரும் என்ற வசதி மட்டும், அட்டை நனைந்தோ நாய் நக்கியோ மங்கிய பிறகு வேலை செய்வதில்லை. கூண்டு எண்ணைத் தட்டச்சு செய்யும் கட்டம் ஒன்று இருந்தால் போதும். ஈரக் கையுறையோடு திரையைத் தொட வேண்டியிருக்கும் இடங்களிலெல்லாம் குரல் வழி வேண்டும்.

தனியுரிமை விஷயத்தில் வடிவமைப்பாளர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பயிற்சிச் செயலிக்குத் தொடர்பு எண்களைப் படிக்கும் அனுமதி எதற்கு என்று தெரியவில்லை. மறுத்தாலும் எல்லாம் இயங்குகிறது, ஆகவே அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம். எங்களிடம் பள்ளி மாணவர்களும் வருகிறார்கள். 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை வகுத்திருக்கிறது. செயலியோ வயதைக் கேட்டுவிட்டு, அந்த விடையைக் கொண்டு எதையும் செய்வதில்லை.

சட்டத்தைப் பற்றிய பாடம் சுருக்கமாகவும் நேர்மையாகவும் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், அதன் கீழ் 2023-இல் வந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், கருத்தடையும் ரேபிஸ் தடுப்பூசியும் முடிந்த தெருநாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்ற நெறி, கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காதில் இடும் வெட்டு ஆகியவை விளக்கப்பட்டுள்ளன. ஆனால் உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7-ஆம் தேதி பிறப்பித்த உத்தரவில், கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து பிடிக்கப்படும் நாய்களை அதே இடத்தில் திரும்ப விடக் கூடாது என்று கூறியிருப்பது பாடத்தில் இடம்பெறவில்லை. நாயைக் கொண்டுவந்து விட்டவர் 'எப்போது திரும்பக் கொண்டுபோய் விடுவீர்கள்' என்று வாசலில் நின்று கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் தன்னார்வலர்தான். சட்டப் பாடத்தில் கடைசியாகத் திருத்திய தேதியை அச்சிட்டு, புதிய உத்தரவு வரும்போதெல்லாம் மாற்றுவது இன்றியமையாதது.

சாவைப் பற்றிய பாடம் ஒன்றும் இருக்கிறது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. தான் பாலூட்டிய குட்டி அடுத்த வாரம் இல்லை என்று அறிந்ததும் பலர் காப்பகத்துக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். செயலி அங்கே ஆறுதல் வாசகங்களை அடுக்கவில்லை. எந்த நோயால் இறந்தது, என்ன சிகிச்சை கொடுக்கப்பட்டது, மருத்துவர் ஏன் அந்த முடிவை எடுத்தார் என்பதைக் காப்பகம் அந்தத் தன்னார்வலருக்கு நேரில் சொல்ல வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளருக்கு நினைவூட்டல் அனுப்புகிறது. துயரம் நீடித்தால் பேசுவதற்கு டெலி மானஸ் என்ற அரசு மனநல ஆலோசனைச் சேவையின் 14416 என்ற இலவச எண்ணையும் தருகிறது. அந்தச் சேவையில் தமிழிலும் பேச முடியும். இந்த நினைவூட்டல் வரத் தொடங்கிய பிறகு, முன்பெல்லாம் வேலை நெருக்கடியில் தள்ளிப்போட்ட அந்தப் பேச்சை நான் ஒருமுறைகூடத் தவறவிடவில்லை.

இதைத் தங்கள் காப்பகத்தில் தொடங்க விரும்புபவர்கள் முதலில் கூண்டு அட்டைகளை மூன்று நிறங்களில் பிரித்து மாட்டிவிட வேண்டும். அது இல்லாமல் செயலியின் நிலைகளுக்குப் பொருளில்லை. அடுத்து, காப்பாளர்கள் மதிப்பிடுவதற்குச் செலவிடும் நேரத்தை அவர்களுடைய வேலை நேரக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். எங்கள் காப்பகத்தில் ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பத்து மணி வரை ஒரு காப்பாளரைக் கூண்டு வேலையிலிருந்து முழுவதுமாக விடுவித்து, அந்த நேரத்தில் தன்னார்வலர்கள் செய்து காட்டுவதைப் பார்ப்பது மட்டுமே அவருடைய வேலை என்று வைத்திருக்கிறோம்.